கணினி கேள்வி–பதில்: ப்ராசஸருக்கு எந்த ஏர் கூலர்?

கேள்வி: என் டெஸ்க்டாப்பில் உள்ள ரைசன் 5 3600 ப்ராசஸருக்குத் தனியாக ஏர் கூலர் வாங்க விரும்புகிறேன். எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: விலையைப் பார்ப்பதற்கு முன், உங்கள் கேபினெட்டில் எவ்வளவு உயரமான கூலர் அடங்கும் என்பதை அதன் விவரக்குறிப்பில் பாருங்கள். 120 மி.மீ. விசிறி பொருத்திய டவர் கூலர்கள் (கோபுரம்போல் நிமிர்ந்து நிற்பவை) பெரும்பாலும் 150 முதல் 160 மி.மீ. உயரம் இருக்கும், நாக்டுவா என்எச்-டி15 போன்ற இரட்டை டவரோ 165 மி.மீ. உயரம் கொண்டது. உங்களுடையது 65 வாட் ப்ராசஸர் என்பதால், நான்கு ஹீட் பைப்புகளும் (வெப்பத்தைக் கடத்தும் குழாய்கள்) ஒற்றை விசிறியும் உள்ள டவர் கூலரே தாராளமாகப் போதும்; அதற்கு மேல் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து. உங்கள் ப்ராசஸர் பொருந்தும் ஏஎம்4 சாக்கெட்டுக்கான கிளாம்ப் பெட்டியிலேயே வருகிறதா, விசிறி ரேம் மீது இடிக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அறை வெப்பநிலைக்குக் கீழே எந்த ஏர் கூலராலும் குளிர்விக்க முடியாது.

பழைய கூலரைக் கழற்றும்போதுதான் நிதானம் தேவை. ப்ராசஸருக்கும் கூலருக்கும் இடையே பூசிய தெர்மல் பேஸ்ட் (வெப்பம் கடத்தும் பசை) இறுகியிருந்தால், நேராக இழுக்கும்போது ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, அடியிலுள்ள ஊசிகள் வளைந்துவிடக்கூடும். ஆகவே, கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் மின் இணைப்பைத் துண்டித்து, திருகுகளை அகற்றிய பின் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.