யூடியூப் கமென்ட்டில் போலிகள்: கேள்வி பதில்

வீடியோ வெளியான மறுநிமிடமே "அருமை" என்று வரிசையாகக் கமென்ட்டுகள். எல்லாம் இளம்பெண்களின் படங்கள். யார் இவர்கள்? (ஈரோடு வாசகி)

எல்லாம் தானியங்கி நிரல்களின் வேலை. யூடியூப்பின் வடிகட்டியில் சிக்காமலிருக்கத்தான் கமென்ட்டில் வெறும் பாராட்டு. படத்தைத் தொட்டு அந்தச் சேனலுக்குள் போனால் லிங்க் காத்திருக்கும். பதிலோ லைக்கோ போடாதீர்கள். புகார் செய்துவிட்டு, அந்தக் கணக்கை உங்கள் சேனலில் மறைத்துவிடுங்கள்.

ஒருவர் தன் கிரிப்டோ கணக்கின் 12 ரகசியச் சொற்களை எழுதி, "பணத்தை எப்படி மாற்றுவது?" என்று கேட்கிறார். பாவம், எச்சரிக்கலாமா? (மதுரை வாசகர்)

வேண்டாம். அவர் ஏமாளி அல்லர், தூண்டில் போடுபவர். அந்தச் சொற்களை உள்ளிட்டால் கணக்கு திறக்கும். டிரான் என்ற கிரிப்டோ வலையமைப்பில், டாலர் மதிப்பையொட்டிய யூஎஸ்டிடி நாணயமும் உண்மையிலேயே இருக்கும். ஆனால் அதை நகர்த்தக் கட்டணமாக டிரானின் சொந்த நாணயமான டிஆர்எக்ஸ் வேண்டும், அது மட்டும் இருக்காது. ஆசைப்பட்டவர் தன் பணத்தில் கொஞ்சம் டிஆர்எக்ஸ் அனுப்புவார். அதை மோசடிக்காரர் உடனே எடுத்துக்கொள்வார். யூஎஸ்டிடியோ அசையாது, அதை நகர்த்தும் உரிமையை முன்பே வேறொரு முகவரிக்கு மாற்றி வைத்திருப்பார்கள். அடுத்தவர் பணத்துக்கு ஆசைப்பட்டவர் போலீசுக்குப் போகமாட்டார் என்பதுதான் இவர்களின் துணிச்சல். எனக்கு மிகவும் ஆத்திரமூட்டும் மோசடி இது.

என் பெயரையும் படத்தையும் வைத்து, "பரிசு வென்றுவிட்டீர்கள், டெலிகிராமுக்கு வாருங்கள்" என்று யாரோ என் ரசிகர்களுக்கு எழுதுகிறார்கள். (கோவை வாசகர்)

ஆள்மாறாட்டம் என்று குறிப்பிட்டுப் புகார் செய்யுங்கள். சந்தாதாரர் எண்ணிக்கையை மறைத்து இவர்கள் பெரிய சேனலைப் போல நடித்ததால், 2022 ஜூலையில் அந்த வசதியையே யூடியூப் எடுத்துவிட்டது. சேனல் உரிமையாளர் எழுதும்போது பெயரின் பின்னணியில் தனி நிறம் தெரியும், போலிக்குத் தெரியாது. இதை ஒரு கமென்ட்டாக எழுதி மேலே பொருத்தி வையுங்கள். யாராவது பணம் இழந்திருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை முடக்குவது கடினம்.

லிங்க்குகளை மட்டும் தடுக்க முடியுமா? (திருச்சி வாசகி)

முடியும். யூடியூப் ஸ்டூடியோ அமைப்புகளில் அதற்கான தேர்வு இருக்கிறது. ஷார்ட்ஸ் கமென்ட்டுகளில் 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்தே லிங்க்கைத் தொட்டாலும் திறக்காது.

பேசாமல் கமென்ட்டையே மூடிவிடலாமா? (நெல்லை வாசகர்)

தயவுசெய்து மூடாதீர்கள். போலிகளுக்காக உண்மையான பார்வையாளர்களின் வாயை அடைப்பது அநியாயம். ஸ்டூடியோ அமைப்புகளில் கமென்ட்டுகளுக்குக் கடுமையான சோதனையைத் தேர்ந்தெடுத்து, நிறுத்திவைக்கப்பட்ட கமென்ட்டுகளை வாரம் ஒருமுறை பாருங்கள். நல்ல கேள்விகளும் அங்கே சிக்கியிருக்கும்.