பத்திரங்கள் காத்த கொடிவழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆபிரகாம் லிங்கனின் முன்னோரை அமெரிக்க மண்ணில் ஏழு தலைமுறை வரை வரிசைப்படுத்த முடியும் என்று எழுதியிருந்தீர்கள். காடு திருத்திப் பயிரிட்டு, அடிக்கடி இடம்பெயர்ந்த, எழுத்தறிவு குறைந்த ஒரு குடியானவக் குடும்பத்துக்கு இவ்வளவு தெளிவான வம்சாவளி எப்படிக் கிடைத்தது? புகழ் வந்த பிறகு புனைந்து சேர்த்ததாக இருக்கலாம் அல்லவா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

இந்த ஐயம் லிங்கனுக்கே இருந்தது. மாசசூசெட்ஸின் ஹிங்கம் ஊரைச் சேர்ந்த சாலமன் லிங்கனுடன் 1848-இல் இதுகுறித்துக் கடிதப் போக்குவரத்து நடத்தியவர், 1859-இல் எழுதிய சுருக்கமான தன்வரலாற்றுக் குறிப்பில், மாசசூசெட்ஸ் உள்ளிட்ட நியூ இங்கிலாந்துப் பகுதியின் லிங்கன்களோடு தம் குடும்பத்தை இணைக்கும் முயற்சியில் மார்டெகாய், லீவை போன்ற பெயர்களின் ஒற்றுமைக்கு மேல் உறுதியாக எதுவும் கிட்டவில்லை என்று சொல்லிவிட்டார். குடும்ப நினைவு தராத அந்த இணைப்பைப் பிற்கால ஆய்வாளர்களுக்குத் தந்தவை உயில்களும் நிலப் பத்திரங்களுமே.

1637-இல் இங்கிலாந்திலிருந்து வந்த சாமுவேல் லிங்கன் நெசவு பழகியவர், ஹிங்கமில் குடியேறினார். அவருடைய பேரன் மார்டெகாய் நியூ ஜெர்சிக்கும் பின்னர் பென்சில்வேனியாவுக்கும் போனார். 1736-இல் அவர் எழுதிய உயில், நியூ ஜெர்சியில் இருந்த நிலத்தை மகன் ஜானுக்கு விட்டுச் செல்வதால், வெவ்வேறு குடியேற்றப் பகுதிகளில் தென்படும் லிங்கன்கள் ஒரே குடும்பத்தார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஜான் வர்ஜீனியாவுக்குப் பெயர்ந்தார். அவர் மகன் ஆபிரகாம், அதாவது குடியரசுத் தலைவரின் தாத்தா, 1782 வாக்கில் கென்டக்கிக்குச் சென்றார்.

அந்தத் தாத்தா 1786-இல் தம் வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது பழங்குடியினரால் கொல்லப்பட்டார். (அவர் திருத்திய மண் அவர்களுடைய வேட்டை நிலமாக இருந்தது என்பதைப் பத்திரங்கள் சொல்வதில்லை.) உயில் இல்லாத சொத்து மூத்த மகனுக்கே போகும் என்ற வர்ஜீனியச் சட்டம் அப்போது கென்டக்கியிலும் செல்லுபடியானது, 1787 ஜனவரியில் அது ஒழிந்தது. சில மாத இடைவெளியில் இளைய மகன் தாமஸ், அதாவது குடியரசுத் தலைவரின் தந்தை, பங்கை இழந்து, கூலி வேலை செய்து வளர்ந்தார்.

பின்னர் அவர் வாங்கிய நிலங்களும் நிலைக்கவில்லை. கென்டக்கியில் அரசு முன்கூட்டி அளக்காமல், மரத்தையும் ஓடையையும் எல்லையாகக் காட்டி அவரவர் உரிமை கோரியதால், ஒரே நிலத்துக்குப் பலர் சொந்தம் கொண்டாடினார்கள். 1816-இல் தாமஸ் இந்தியானாவுக்குப் போனதற்கு அடிமைமுறை ஓரளவு காரணம் என்றாலும், நில உரிமைச் சிக்கலே முதன்மைக் காரணம் என்று மகன் எழுதியிருக்கிறார். அங்கே கூட்டாட்சி அரசு சதுரம் சதுரமாக அளந்து விற்ற நிலம் கிடைத்தது. வில்லங்கமும் வழக்கும் தாமஸுக்கு நட்டம். கொடிவழி தேடுபவருக்கு அவைதான் கைப்பொருள்.

தங்கள் ஐயம் உண்மையில் பொருந்துவது தாய்வழிக்கு. தாமஸ் 1806-இல் மணந்த நான்சி ஹேங்ஸின் பெயரில் நிலமில்லை, ஆகவே பத்திரமும் இல்லை. அவர்களுடைய திருமணப் பதிவுகூட, தவறான கவுண்டியில் (மாவட்டத்தில்) தேடப்பட்டதால், லிங்கன் இறந்த பிறகே வாஷிங்டன் கவுண்டியில் கண்டெடுக்கப்பட்டது. நான்சியின் தாய் லூசி ஹேங்ஸ்தானா என்று நூறாண்டுக்கு மேல் நடந்த சர்ச்சையில், 2015-இல் வெளியான தாய்வழி மரபணு ஆய்வு லூசியின் பக்கம் நின்றது. நான்சியின் தந்தை யார் என்பதற்கு இன்றுவரை ஆவணம் கிடைக்கவில்லை; அந்த இடத்தில் யாரேனும் ஒரு பெயரை எழுதிக் காட்டினால், தாங்கள் சொல்லும் புனைவு அதுதான்.

அன்புடன்,
ஆசிரியர்