எண்ணூர் கழிமுகச் சேற்றைத் தோண்டினால் பழைய கடல்மட்டம் தெரியுமா?

தெரியும், சேறு கலையாமல் இருந்தால். உப்புச் சதுப்பில் வளரும் உமரிச் செடி நிற்கும் மேடு, பெரிய ஓதம் (கடல்நீரின் ஏற்றம்) வரும்போதுதான் நனையும். இத்தகைய சேற்றில் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகள் உண்டு. பல இனங்கள் மணல் துகள்களை ஒட்டியே ஓடு கட்டும், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. எந்த உயரத்தில் எந்த இனம் வாழும் என்பதை ஓதம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இன்றைய வரிசையை அளந்துகொண்டு, குழாய் இறக்கி எடுத்த சேற்றில் அடுக்கடுக்காக ஓடுகளை எண்ணினால், அன்று கடல் எங்கே நின்றது என்று கணிக்கலாம்.

காலத்தை, புதைந்த செடியின் கார்பன்-14 சொல்லும். மேலடுக்குகளின் காலத்தை, அணுகுண்டுச் சோதனைகளால் படிந்து 1963ஐ ஒட்டி உச்சம் தொட்ட சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் சொல்லும். அப்புறம், சேறு தன் எடையிலேயே அமுங்கியதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அனல்மின் சாம்பல் படிந்த, தூர்வாரிய இடங்களில் இந்த அடுக்கே குலைந்துவிடும். அதனால் பழவேற்காட்டுப் பக்கம் சீண்டப்படாத சதுப்பில் துளையிடச் சொல்வேன்.