ஸ்கேன் நார்மல், வலி மட்டும் போகவில்லை: மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

மாதவிடாய் வலி பற்றி வந்த கேள்விகளில், எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம் உள்ளவற்றை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். கர்ப்பப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை என்று வெளியே வளர்வதுதான் இந்த நோய். இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண்டுபிடிக்கவே பல வருடம் ஆகிவிடுகிறது என்பதுதான் பெரிய தொல்லை.

மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். மாதாமாதம் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போக முடிவதில்லை. வாந்தி, சில நேரம் மயக்கம். ஸ்கேன் நார்மல். ‘கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்’ என்கிறார் என் மாமியார். எண்டோமெட்ரியோசிஸாக இருக்குமா?
– ஒரு தாய், திருநெல்வேலி

இருக்கலாம். மணமாகாத பெண்களுக்கு நம் ஊரில் பெரும்பாலும் வயிற்றின் மேல்தான் ஸ்கேன் செய்கிறோம். சினைப்பையில் கட்டி இருந்தால் அதில் தெரியும். கர்ப்பப்பையில் பிறவிக் கோளாறு இருந்தாலும் பெரும்பாலும் தெரிந்துவிடும். வயிற்றின் உள்சவ்வில் கடுகளவாக ஒட்டியிருக்கும் புள்ளிகள் ஸ்கேனில் பொதுவாகப் பிடிபடுவதில்லை. அதனால் ரிப்போர்ட்டைவிட உங்கள் மகள் வாயால் சொல்வதுதான் எனக்கு முக்கியம். வலி எந்த நாளில் தொடங்குகிறது, மலம் கழிக்கும்போதும் சிறுநீர் போகும்போதும் குத்துகிறதா, மாத்திரை போட்டும் படுத்தே கிடக்கிறாளா? மூன்று மாதம் காலண்டரில் குறித்து எடுத்துவரச் சொல்லுங்கள். டாக்டரிடம் அவளே பேசட்டும். அம்மா பதில் சொன்னால் பாதி விஷயம் விட்டுப்போகிறது.

நோய் உறுதியாகும்வரை வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மெஃபனாமிக் ஆசிட் போன்ற மாத்திரையை வலி தலைகாட்டும்போதே, சாப்பிட்ட பிறகு கொடுக்க வேண்டும். வலி உச்சத்துக்குப் போனபின் கொடுத்தால் சரியாகக் கேட்காது. அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் அடங்காவிட்டால் அடுத்தது ஹார்மோன் மாத்திரை. ‘கருத்தடை மாத்திரையா?’ என்று வீட்டில் முகம் சுருங்கும். இவளுக்கு அது வலிக்கான மருந்து. நிறுத்தினால் மாதவிடாய் பழையபடி வந்துவிடும். பின்னாளில் பிள்ளைப்பேற்றைக் கெடுக்காது. கல்யாணம் இதற்கு வைத்தியமில்லை என்று மாமியாரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால், டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போடுங்கள்.

வயது 29. மணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. இடது சினைப்பையில் 4 செ.மீ. சாக்லேட் கட்டி. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் நேராக ஐ.வி.எஃப். என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, கோவை

சாக்லேட் கட்டி என்பது எண்டோமெட்ரியோசிஸால் சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி உருவாகும் கட்டி. இருவருமே தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் முடிவெடுக்கும் முன் மூன்று விவரங்கள் கையில் வேண்டும்: கணவரின் விந்தணுப் பரிசோதனை, உங்கள் ஏ.எம்.எச். (கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்பது. முதலாவதைச் செய்யாமலேயே மனைவிக்கு லேப்ராஸ்கோப்பி தேதி குறிப்பது இன்றும் நடக்கிறது. எனக்கு எரிச்சல் தரும் வழக்கம்.

கட்டியை உரித்தெடுக்கும்போது பக்கத்திலுள்ள நல்ல கருமுட்டைகளும் கொஞ்சம் போகும். ஏ.எம்.எச். ஏற்கெனவே குறைவு என்றாலோ, குழாய் அடைப்பு, விந்தணுக் குறைவு என்றாலோ ஐ.வி.எஃப்.பை முன்னே வைப்பதுதான் நியாயம். அதற்கு முன் கட்டியை எடுத்தே ஆகவேண்டும் என்ற விதி இல்லை. மூன்றும் நன்றாக இருந்து, வலியும் வாட்டுகிறது என்றால் ஆபரேஷன் செய்துகொண்டு இயற்கையாக முயலலாம். கட்டியை உரித்தெடுப்பாரா, உள்ளே இருப்பதை உறிஞ்சி மட்டும் விடுவாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். உறிஞ்சினால் மட்டும் போதாது, திரும்ப வந்துவிடும். ஆபரேஷன் வீடியோவையும் பயாப்சி ரிப்போர்ட்டையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த டாக்டருக்கு அவை தேவைப்படும்.

சி.ஏ. 125 அளவு 85 என்று வந்திருக்கிறது. கூகுளில் பார்த்தால் புற்றுநோய் என்கிறது. வயது 33.
– வாசகி, மதுரை

சி.ஏ. 125 என்பது ரத்தத்தில் அளக்கும் ஒரு புரதம். எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசைக்கட்டி), வயிற்றுக் காசநோய் எதிலும் இது ஏறும். மாதவிடாய் நாளில் ரத்தம் எடுத்தால்கூட ஏறும். உங்கள் வயதில் ஸ்கேனில் கட்டி இருக்கிறதா, இருந்தால் எப்படித் தெரிகிறது என்பதுதான் கணக்கு. அந்த ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள், கூகுளை மூடுங்கள்.

டைனோஜெஸ்ட் 2 மி.கி. மூன்று மாதமாகப் போடுகிறேன். வலி குறைந்தது, ஆனால் அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் படுகிறது. நிறுத்திவிடலாமா?
– வாசகி, சேலம்

வேண்டாம். டைனோஜெஸ்ட் எண்டோமெட்ரியோசிஸுக்குக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரை. ஆரம்ப மாதங்களில் இப்படிப் படுவது சகஜம், போகப்போகக் குறையும். இடைவெளி விடாமல் தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். ரத்தப்போக்கு அதிகமானாலோ, மனம் ரொம்பச் சோர்ந்துபோனாலோ டாக்டரைப் பாருங்கள். இதைக் கருத்தடையாக நம்ப வேண்டாம், ஆணுறை அவசியம்.

வயது 41, இரண்டு பிள்ளைகள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீருமா?
– வாசகி, வேலூர்

நோய் கர்ப்பப்பைக்கு வெளியேயும் இருப்பதால், அதை மட்டும் எடுத்து மற்றதை விட்டுவிட்டால் வலி தொடரலாம். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் 41 வயதிலேயே மெனோபாஸ். எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லதல்ல. கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் காயில் வைத்துப் பார்த்தீர்களா? அதற்குப் பிறகு ஆபரேஷன் பேச்சை எடுக்கலாம்.

சிசேரியன் தையலின் ஓரத்தில் சிறு கட்டி. மாதவிடாய் நெருங்கும்போது வீங்கி வலிக்கிறது. ஹெர்னியா என்கிறார்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

மாதவிடாயோடு வீங்கி, முடிந்ததும் வடிகிறது என்றால் தழும்பிலேயே எண்டோமெட்ரியோசிஸ் வந்திருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த மாதம் வலிக்கும் நாளிலேயே அந்த இடத்தில் ஸ்கேன் எடுங்கள். எந்தத் தேதியில் வலிக்கிறது என்பதை, அவர்கள் கேட்காவிட்டாலும் சர்ஜனிடம் நீங்களாகவே சொல்லுங்கள். மாத்திரையால் இது பொதுவாகக் கரைவதில்லை. சுற்றியுள்ள திசுவையும் கொஞ்சம் சேர்த்து முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். எடுத்ததைப் பயாப்சிக்கு அனுப்பச் சொல்ல மறக்காதீர்கள்.