நூற்றைந்தரை மைல் வேகம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டென்னசி பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். எங்கள் பேஸ்பால் அணியின் வரலாற்றிலேயே வேகமாக எறிந்த பிட்சர் யார் என்று அறையில் ஓயாத சண்டை. பென் ஜாய்ஸ் என்று ஒரு கட்சி, கரெட் குரோஷே என்று ஒரு கட்சி, சேஸ் பர்ன்ஸ் என்று இன்னொன்று. வயதான ரசிகர்கள் ஆர்.ஏ. டிக்கி காலத்தை இழுக்கிறார்கள். நீங்களாவது தீர்த்து வையுங்கள். (வாசகர், நாக்ஸ்வில், அமெரிக்கா)

பதில்: ஒரே ஒரு பந்தின் வேகம் என்றால் பென் ஜாய்ஸ்தான். எனக்கு இதில் தயக்கமே இல்லை. 2022 மே 1ஆம் தேதி உங்கள் லிண்ட்சே நெல்சன் மைதானத்தில், ஆபர்ன் அணிக்கு எதிராக, அவர் எறிந்த ஒரு பந்து மணிக்கு 105.5 மைல். நம் கணக்கில் கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர். கல்லூரி பேஸ்பாலில் அதுவரை அளந்த எந்தப் பந்தும் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. அதுவும் முழங்கையில் கிழிந்த தசைநாரை மாற்றும் டாமி ஜான் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2021 முழுவதும் ஆடாமல் உட்கார்ந்திருந்து, திரும்பி வந்த முதல் வருடத்தில். நாக்ஸ்வில்லிலேயே வளர்ந்த பையன் வேறு. அந்த வருடம் 32 இன்னிங்ஸ் சொச்சம்தான் (ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) எறிந்தார், அதில் 53 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார், அதாவது பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றினார்.

"கல்லூரி மைதானத்து மெஷின் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்" என்று எதிர்க்கட்சி சொல்லும், நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 2024 செப்டம்பர் 3ஆம் தேதி, அமெரிக்காவின் முதல்தரத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கில் ஏஞ்சல்ஸ் அணிக்காக ஆடும்போது, டாட்ஜர்ஸின் டாமி எட்மனை அவர் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கிய பந்து எவ்வளவு தெரியுமா? அதே 105.5. இந்த முறை அளந்தது மேஜர் லீக் கருவி. இரண்டு வருட இடைவெளி, இரண்டு மைதானம், இரண்டு கருவி, ஒரே எண். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

குரோஷே கட்சியின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. இடது கையால் 100 மைலைத் தொடுபவர்கள் அபூர்வம், அவரை நாக்ஸ்வில் முழுசாகப் பார்க்கவே இல்லை. 2020இல் ஒரே ஒரு ஆட்டம் ஆடினார், கொரோனா வந்து சீசனையே மூடிவிட்டார்கள். அதே வருடம் செப்டம்பரில், மைனர் லீக் என்ற கீழ்ப்படியில் ஒரு பந்துகூட எறியாமல், நேராக மேஜர் லீக்கின் வைட் சாக்ஸ் அணிக்குப் போய் 100 மைலுக்கு மேல் சர்வசாதாரணமாக எறிந்தார். 2025இல் பாஸ்டனுக்காக 255 ஸ்ட்ரைக் அவுட், மேஜர் லீக்கிலேயே அதிகம். அந்த 2020 சீசன் முழுசாக நடந்திருந்தால் உங்கள் சண்டையில் இன்னும் சூடு இருந்திருக்கும், சந்தேகமில்லை.

பர்ன்ஸ் விஷயம் வேறு. ஜாய்ஸ் கடைசியில் வந்து ஓரிரு இன்னிங்ஸ் முழு மூச்சாக எறிந்துவிட்டுப் போகிறவர். பர்ன்ஸ் ஆட்டத்தைத் தொடங்கி, தொண்ணூறாவது பந்திலும் முதல் பந்து போலவே எறியக்கூடியவர். "வேகமானவர்" என்றால் ஒரே ஒரு பந்தா, ஒரு சாயங்காலம் முழுவதுமா என்பதை முதலில் பேசி முடிவு செய்யுங்கள், பாதிச் சண்டை அடங்கிவிடும். எனக்கு இரண்டாவது அளவுகோல்தான் பெரிது, அந்தக் கணக்கில் என் ஓட்டு பர்ன்ஸுக்கு. ஆனால் ஒன்று, அவர் தன் மிகச் சிறந்த கல்லூரி வருடத்தை உங்களுக்காக ஆடவில்லை. 2024இல் வேக் ஃபாரஸ்டுக்கு மாறிப் போய் 100 இன்னிங்ஸில் 191 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். அதை டென்னசி கணக்கில் சேர்க்க முடியாது.

டிக்கி? அவர் கதை எனக்கு மிகவும் பிடித்தது. தொண்ணூறுகளில் நல்ல வேகக்காரர்தான். 1996இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி புது ஆட்டக்காரர் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுத்து 8,10,000 டாலர் தருவதாகச் சொன்னது. பத்திரிகை அட்டையில் வந்த படத்தில் அவர் கை ஒரு மாதிரி வளைந்து தொங்குவதைப் பார்த்து, பரிசோதித்தால், முழங்கையில் இருக்கவேண்டிய தசைநாரே அவருக்கு இல்லை! தொகை 75,000 ஆகிவிட்டது. அப்புறம் வேகமும் குறைந்து, பல வருடம் அலைந்து, நக்கிள்பால் கற்றுக்கொண்டு, 80 மைலை ஒட்டிய அந்த ஆடி அசைந்து போகும் பந்தை வைத்தே 2012இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். வேகப் பட்டியலில் அவர் வரமாட்டார், ஆனால் டென்னசி பிட்சர்களைப் பற்றிப் பேசும்போது அவரை விட்டுவிடவும் முடியாது.

கேள்வி: ஷோயப் அக்தர் 161.3 கிலோமீட்டர்தானே? அப்படியானால் இவர்கள் எல்லாரும் அவரைவிட வேகமா? (வாசகர், சேலம்)

பதில்: எண்ணைப் பார்த்தால் ஆமாம், டிக்கியைத் தவிர. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். 2003 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக அக்தர் அந்தப் பந்தைப் போட்டபோது முழங்கையை மடக்கி நீட்டும் உரிமை அவருக்கு இல்லை. பிட்சருக்கு அது உண்டு, சவுக்கை வீசுவது போல வீசலாம். பந்தும் கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் எடை குறைவு. மறுபக்கம், அக்தர் அவ்வளவு தூரம் ஓடி வந்து போடுகிறார், பிட்சர் மேட்டில் நின்ற இடத்திலிருந்து ஒரே ஒரு எட்டு வைத்து எறிகிறார். பேட்டருக்கும் வித்தியாசம் உண்டு: பேஸ்பாலில் பந்து தரையில் படாமல் நேராக வரும், ஜாய்ஸின் அந்தப் பந்து பேட்டரிடம் வந்து சேர 0.4 விநாடிகூட ஆகியிருக்காது.

கேள்வி: பழைய காலத்து வேகங்களை நம்பலாமா? எப்படி அளந்தார்கள்? (வாசகர், திருச்சி)

பதில்: நல்ல கேள்வி, ரசிகர்கள் சண்டையில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. ரேடார் கன் பேஸ்பாலுக்குள் வந்ததே ஒரு கல்லூரி கோச்சால்தான். மிஷிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டேனி லிட்வைலர் என்பவர், வளாகத்துப் போலீஸ்காரர்கள் கார்களின் வேகத்தைப் பிடிக்கப் பயன்படுத்தும் ரேடாரின் படத்தை மாணவர் பத்திரிகையில் பார்த்துவிட்டு, இதை வைத்துப் பந்தை அளந்தால் என்ன என்று யோசித்தார். அது 1974. அதற்கு முன்னால் ஆடியவர்களின் வேகம் பெரும்பாலும் பார்த்தவர் சொல்வதுதான்.

கன் வந்த பிறகும் தொல்லை தீரவில்லை. கையை விட்டுக் கிளம்பும் பந்து பேட்டர் நிற்கும் இடத்துத் தட்டுக்கு வருவதற்குள் காற்று தடுத்து 8, 9 மைல் குறைந்துவிடும். எந்த இடத்தில் அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். அந்தக் காலத்துப் புகழ்பெற்ற பிட்சர் நோலன் ரயனுக்கு அதே 1974இல் வந்த 100.9 மைல், தட்டுக்கு சுமார் 10 அடி முன்னால் அளந்தது, இன்றைய முறைப்படி கையருகே அளந்திருந்தால் 108ஐத் தொட்டிருக்கும் என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள். அரோல்டிஸ் சாப்மன் 2010இல் எறிந்த பந்தைப் பாருங்கள், அன்று 105.1 என்றார்கள், பிற்பாடு அளவிடும் முறையைத் திருத்தி 105.8 ஆக்கினார்கள். பந்து ஒன்றுதான்! ஆகவே 1990க்கு முந்தைய எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது பேசினால், எங்கே அளந்தது என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: ஜாய்ஸ் இருந்த வருடம் டென்னசி அணி தேசியக் கல்லூரிக் கோப்பையை வென்றதா? (வாசகர், ஈரோடு)

பதில்: இல்லை. 2022இல் நாட்டிலேயே முதல் இடத்தில் இருந்த அணி, சொந்த மைதானத்தில் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியிடம் தோற்றுப் போனது. கோப்பை வந்தது 2024இல், ஜாய்ஸும் பர்ன்ஸும் இல்லாமல்.

கேள்வி: எங்கள் மகனுக்கு 15 வயது, பிட்சராக ஆடுகிறான். ஜாய்ஸ் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வேகம், வேகம் என்று நிற்கிறான். தடுக்கலாமா? (வாசகி, நியூ ஜெர்சி)

பதில்: ஆசையைத் தடுக்காதீர்கள் அம்மா, எண்ணிக்கையைத் தடுங்கள். ஜாய்ஸுக்கு முழங்கை அறுவை சிகிச்சை முன்பே ஆகிவிட்டது, 2025இல் தோளிலும் ஆகிவிட்டது. வளர்ந்த உடம்புக்கே அந்த வேகம் அவ்வளவு பாரம். 15, 16 வயதுக்கு அமெரிக்க பேஸ்பாலின் வழிகாட்டுதல் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 95 பந்து, 76ஐத் தாண்டினால் அடுத்த நான்கு நாள் ஓய்வு. பிட்சராக ஆடிய அன்றே கேட்சராகவும் நிற்கக்கூடாது. முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்று சொன்னால் அன்றோடு எறிவதை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள், ஐஸ் வைத்துவிட்டு மறுநாள் அனுப்பாதீர்கள். பள்ளி அணி, கிளப் அணி என்று இரண்டு இடத்தில் ஆடினால் ஒரு கோச்சுக்கு மற்றவர் கணக்குத் தெரியாது. அதனால் பந்துகளை நீங்களே ஒரு நோட்டில் எண்ணி எழுதி வைத்து, ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு பேரிடமும் காட்டிவிடுங்கள்.