கபடியில் சாய்ந்த மூக்கு: எப்போது அறுவை?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பள்ளி கபடி அணியில் ஆடுகிறான். நான்கு மாதத்துக்கு முன் எதிரணிப் பையனின் முழங்கால் பட்டு மூக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இப்போதே பிளாஸ்டிக் சர்ஜரி செய்யலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அடிபட்ட ஓரிரு வாரத்துக்குள் என்றால் வெட்டாமலே எலும்பை நகர்த்தி நேராக்கியிருக்கலாம். இப்போது எலும்பு கூடிவிட்டது. மறுபடி உடைத்துத்தான் நிமிர்த்த வேண்டும். அதற்கு முக வளர்ச்சி முடிந்திருக்க வேண்டும். பையன்களுக்குப் பெரும்பாலும் 16-17 வயது ஆகும். இன்னும் உயரம் கூடுகிறான் என்றால் பொறுங்கள். ஒரு பக்கம் மூச்சு அடைக்கிறதா? அப்படியானால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள், அழகெல்லாம் அப்புறம்.

அறுவை முடிந்து ஒரு வாரத்தில் கட்டைப் பிரித்துவிடுவார்கள். பார்த்தால் ஆறியது போலத்தான் தெரியும். உள்ளே எலும்பு பிடிக்க ஆறு வாரமாவது வேண்டும். கபடிக்கு அதற்கு மேலும், மருத்துவர் சொல்லும்வரை, கூடாது. நுனி வீக்கம் முழுக்க வடிய ஒரு வருடம்கூட ஆகும். தொடர்ந்து ஆடப்போகிற பையனுக்கு, ஆட்டக்காலம் ஓய்ந்தபின் செய்வதே நல்லது. இல்லாவிட்டால் இன்னொரு முழங்காலில் பணமும் போய், மூக்கும் போகும்.

மறுபடி மூக்கில் அடிபட்டால் துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுச்சுவரில் கருஞ்சிவப்பாக, மெத்தென்று வீங்கியிருந்தால் அது ரத்தக்கட்டு. அன்றைக்கே வடிக்க வேண்டும். விட்டால் சில நாட்களில் குருத்தெலும்பு செத்து, மூக்குத்தண்டில் பள்ளம் விழும். அதை நிரப்பக் காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுக்க நேரும்.