கிரீஸின் சூனியன் முனையிலுள்ள கடல்தெய்வம் போசைடனின் கோயில் தூண்களில் ஏன் 16 பள்ளங்கள் மட்டும்?

டோரிக் என்ற பழங்கிரேக்கப் பாணித் தூணில் வழக்கமாக 20 நெடுக்குப் பள்ளங்கள் இருக்கும், ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலிலும் அப்படித்தான். ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே சுமார் 70 கி.மீ.யில் உள்ள சூனியனிலோ 16. காரணம் கல்லும் கடலும் என்பதே பரவலான விளக்கம். கி.மு. 440களில் கட்டிய இக்கோயிலுக்கு அருகிலுள்ள அக்ரிலேசா கற்குவாரியின் பளிங்கையே எடுத்தார்கள். பார்த்தெனானுக்குப் பயன்பட்ட பென்டெலிக் மலைப் பளிங்கைவிட இது மிருதுவானது.

சுமார் 60 மீட்டர் உயரப் பாறையில் உப்புக்காற்று நேராக அடிக்கிறது. ஈரத்தோடு கல்லுக்குள் புகும் உப்பு, காய்ந்ததும் படிகமாகிப் பருத்து, மேற்பரப்பைத் துகள் துகளாக உதிர்க்கும். பள்ளங்களுக்கு இடையிலுள்ள கூர்விளிம்புதான் முதலில் போகும். பள்ளம் குறைந்தால் விளிம்பும் குறையும், காற்றுபடும் பரப்பும் குறையும். ஆனால் கட்டியவர்கள் எழுதிவைத்த காரணம் எதுவுமில்லை. இது கல்லைப் பார்த்து நாம் ஊகிப்பது.

தூண்கள் பளீரென்று வெளுத்திருப்பதற்கும் இதே கல்தான் காரணம். பென்டெலிக் பளிங்கிலுள்ள இரும்பு துருவேறித் தேன்நிறம் தருகிறது. அக்ரிலேசா கல்லில் அது இல்லை. புகைப்படங்களில் தூண்கள் தங்கநிறமாகத் தெரிந்தால் அது அந்திவெயில்.